மருந்து செல்லாத கட்டம்

தலை முழுக்கக் கறுப்புச் சாயத்தைக் குழைத்து அப்பிக்கொண்டு, கொல்லைப்புறத்துத் துவைகல்லில் உட்கார்ந்த பிறகுதான் தனுஷ்கோடிக்கு உறைத்தது, அந்தப் பெண்ணிடம் 'கேட்டுச் சொல்றேம்மா' என்று சொல்லியிருக்கக் கூடாது. யாரிடம் கேட்பதாம்? விளையாட்டைச் செய்தது அவர். சட்டதிட்டம் எழுதியது அவர். பெட்டியின் முதுகில் 'சந்தேகங்களுக்கு' என்று போட்டு அச்சடித்திருக்கிற நம்பரும் அவருடையதுதான். அவருக்கு மேலே ஓர் அதிகாரி இருந்தால் கேட்கலாம். மேலே பார்த்தால் முருங்கைமரம் இருக்கிறது, மரத்தில் ஒரு காக்கை இருக்கிறது, அதுவும் அவர் தலையைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டது. அருப்புக்கோட்டைப் பக்கம் என்றாள், பேர் சுகந்தி என்றாள். பதறிப் பேசவில்லை, பால்காரரிடம் நாளைக்குக் கொஞ்சம் கூடுதலாக ஊற்றச் சொல்கிற மாதிரிப் பேசினாள். "அண்ணாச்சி, நோய்விரட்டி விளையாட்டு செய்றது நீங்கதான? எங்க பாப்பாவுக்கு ஆத்தா வந்திருக்காக. உங்க அட்டையத்தான் தலமாட்டுல வச்சிருக்கோம். காய்ச்சல்தான் எறங்க மாட்டேங்குது, பிள்ளை துவண்டு கெடக்கு. உங்க விளையாட்டுல மருந்து செல்லாதுன்னு போட்டிருக்குல்ல, அதான் கேக்கேன், எப்பத் தண்ணி ஊத்தலாம்?" சாயம் போனில் ஒட்டிவிடக் கூடாதே என்று அதைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து, கடைசியில் வெளியே வந்தது இதுதான். கேட்டுச் சொல்றேம்மா. வேட்டியில் சாயம் சொட்டியது அப்போதுதான்.

அரை மணி நேரம் காயவிட வேண்டும் என்று பாக்கெட்டில் போட்டிருக்கிறது. கனகமணி அதை முக்கால் மணி ஆக்கிவிடுவாள், மனைவிக்கு எதிலும் கொஞ்சம் கூடவே வேண்டும். அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் நெருங்கிவிட்டால் விருதுநகரில் ஆம்பளைகளில் பாதிப் பேர் இப்படித்தான் கொல்லையில் குந்தியிருப்பார்கள், திருவிழாக் கூட்டத்தில் அம்மன் தங்கள் நரையைத்தான் முதலில் பார்ப்பாள் என்று நினைப்பு. சாயம் காய்கிறவரை ஓர் இடத்துக்கும் போக முடியாது, சுவரில் சாய முடியாது, நன்றாகச் சொறிந்துகொள்ளக்கூட முடியாது, யோசிக்க மட்டும் முடியும். அதுதான் கஷ்டம். மற்ற நாளில் யோசனை வந்தால் எழுந்து போய் முன்னறையில் அடுக்கியிருக்கிற பெட்டிகளை ஒரு தரம் தடவிப் பார்த்துவிட்டு வருவார், மனசு ஆறிவிடும். ஆளுயரத்துக்கு அடுக்கு, பளபளவென்று, சிவப்பும் மஞ்சளுமாக. சிவகாசிக் காலண்டர் அச்சாபீசில் ஊரான் சாமியையும் ஊரான் ஜவுளிக்கடையையும் இத்தனை காலம் அச்சடித்துக் கொடுத்தவருக்குத் தன் பேரைப் போட்டு ஒரு பெட்டி. இதற்கு முன்னாலும் செய்தார்தான். 'பஸ்ஸைப் பிடி' என்று ஒன்று, அதில் கடைசிவரை ஒருத்தராலும் பஸ்ஸைப் பிடிக்க முடியவில்லை, அவ்வளவு நிஜமாக அமைந்துவிட்டது. பிறகு 'குடிநீர் லாரி'. அதை விளையாடிய வீடுகளில் நிஜமாகவே சண்டைக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டார்கள். விற்காமல் நின்ற அந்தப் பெட்டிகளின்மேல்தான் இப்போது வீட்டுச் செருப்பெல்லாம் ஏறி உட்கார்ந்திருக்கிறது. நோய்விரட்டி அப்படியா? போன வருஷம் கார்த்திகையில் போட்டது, தையில் தீர்ந்தது, மறுபடி அடித்தது, இன்றைக்கு ஏஜென்ட் அழகர்சாமி வேனைக் கொண்டுவந்து முழுவதையும் திருவிழாக் கடைகளுக்கு ஏற்றிக்கொண்டு போகிறான். தனுஷ்கோடி சந்தோஷமாக இருந்தார். அதை ஒளிக்க ஒன்றுமில்லை. காலையில் பல் தேய்க்கும்போதுகூடத் தனக்குத் தானே சிரித்துக்கொண்டார். அப்புறம் இந்தப் போன்.

தப்பு எங்கே நுழைந்தது என்று பார்த்தால் அது நுழைந்தது பிச்சைமணியின் தூரிகை வழியாக. அச்சாபீசில் சாமிப்படம் வரைகிறவர் பிச்சைமணி, நல்ல கை. நோய்களுக்கு ஒவ்வொரு முகம் வேண்டும் என்றதும் உற்சாகமாகத்தான் ஆரம்பித்தார். டெங்குவுக்கு மீசை வைத்த கொசு, டைபாய்டுக்கு எண்ணெய்ச் சட்டியில் நீச்சலடிக்கிற ஒரு குண்டன், வாந்திபேதிக்கு ஓர் ஆளை வரைந்து கொண்டு வந்தார், அதைப் பார்த்து அச்சாபீசே சிரித்தது. அம்மைக்கு வந்ததும் தூரிகையைக் கீழே வைத்துவிட்டார். "அண்ணாச்சி, கொம்பு வரையச் சொல்லாதீக. நாப்பது வருசமா இந்தக் கையால அவளுக்குக் கிரீடம் வரைஞ்சிருக்கேன்." கொம்பு வேண்டாம், சும்மா ஏதாவது போடுங்க என்று சொன்னது தனுஷ்கோடிதான். சும்மா போட்டதுதான் அது: மஞ்சள் சேலை, கையில் வேப்பங்கொத்து, லேசான சிரிப்பு, முகத்தில் முத்து முத்தாய். இத்தனை பூதங்களுக்கு நடுவே அவள் மட்டும் கல்யாண வீட்டுக்கு வந்தவள் மாதிரி நின்றாள். சரி, படம் அழகாக இருந்துவிட்டுப் போகட்டும், சட்டத்தில் சரிக்கட்டிவிடலாம் என்று வீட்டுக்கு வந்தால் சட்டத்துக்கு வீட்டில் ஒரு ஆள் இருந்தாள். கனகமணி அன்றைக்கு இட்லி மாவைக் கரைத்துக்கொண்டிருந்தாள், கரண்டியை எடுக்காமலே சொன்னாள். "ஊசி அட்டையக் காட்டி ஆத்தாள வெரட்டுறதா? அந்த வெளையாட்டு இந்த வீட்டுக்குள்ள நடக்காது. வேணும்னா அச்சாபீசுல போய்ப் படுத்துக்கோங்க." ஆகவே எழுதினார். மற்ற எந்த நோய் வீட்டுக்குள் வந்தாலும் மருந்து அட்டையைப் போட்டு விரட்டலாம். அம்மன் கட்டத்தில் மட்டும் மருந்து செல்லாது. தாயக்கட்டையை உருட்டாமல் அடங்கி உட்கார்ந்திருக்க வேண்டும், அவளாக இறங்கும்வரை. இறங்கும்போது ஒரு வரம் தருவாள். நல்ல சட்டம், விளையாட்டுக்கு ஒரு நிதானம் கொடுத்தது என்று அப்போது பெருமையாக நினைத்துக்கொண்டார்.

மருந்து செல்லாது. அந்த வரியைத் தடித்த எழுத்தில் போடச் சொன்னதும் அவரே. குழந்தைகள் மறந்துவிடக் கூடாதே என்று. இப்போது அந்தத் தடித்த எழுத்து அவர் நெற்றிக்குள் வந்து நின்றுகொண்டு நகரமாட்டேன் என்கிறது. சாயம் காய்ந்து இறுகுவதாலும் இருக்கலாம், தலைத்தோல் முழுக்க இழுத்துப் பிடித்தது. குழந்தைகள் மறக்கவில்லை, பெரியவர்களும் மறக்கவில்லை, அதுதான் வந்த வினை. முதலில் சாத்தூரில் ஒரு பாத்திரக்கடைக்காரர் போன் செய்தார், அண்ணாச்சி, ஒங்க பெட்டியக் கீழ் அலமாரியில வைக்கவிட மாட்டேங்காக, காலு படுமாம், மேல் தட்டுக்கு ஏத்திட்டேன் என்று. சிரித்தார். பிறகு இன்னொருத்தர், பொம்பளைக செருப்பை வெளியே விட்டுட்டு வந்து வாங்குறாக என்றார். அதற்கும் சிரித்தார், வீட்டில் கனகமணியிடமும் சொல்லிச் சிரித்தார். பிறகு தெரிந்தது, வாங்குகிறவர்களில் பாதிப் பேர் விளையாடுவதே இல்லை. பெட்டியைப் பிரித்து அந்த ஒரு அட்டையை மட்டும் எடுத்து மஞ்சள் தடவி நிலைப்படியில் வேப்பிலையோடு கட்டுகிறார்கள், மீதி பூதங்கள் பரண் ஏறிவிடுகின்றன. ராசியான அட்டை என்று பேர் எடுத்துவிட்டது. வெயில் ஏறுகிற மாசி பங்குனியில் ஊரெல்லாம் அம்மை வருகிற காலம், வியாபாரமும் ஏறிற்று. இதெல்லாம் தெரிந்த பிறகு அவர் என்ன செய்தார்? பிச்சைமணியிடம் சொல்லிச் சேலைக்குக் கொஞ்சம் ஜரிகை கூட்டச் சொன்னார். அதை நினைத்தபோது துவைகல் சுட்டது. வெயில்தான் நகர்ந்து வந்திருந்தது, ஆனாலும் சுட்டது.

உள்ளே மிக்சி ஓடி நின்றது. "என்ன, உக்காந்தபடியே தூங்கிட்டீகளா?" என்று கனகமணி சமையலறை ஜன்னலிலிருந்து கேட்டாள். தூங்கவில்லை, யோசிக்கிறேன் என்றார். அதுக்குச் சாயம் பூசாமயே யோசிக்கலாமே என்று சொல்லிவிட்டு மறுபடி மிக்சியைப் போட்டாள். அந்தச் சத்தத்துக்குள் தனுஷ்கோடி மறுபடி இறங்கிவிட்டார். அந்தப் பெண் என்ன கேட்டாள், மருந்து கொடுக்கலாமா என்றா கேட்டாள்? இல்லையே. எப்பத் தண்ணி ஊத்தலாம் என்றுதானே கேட்டாள். அப்படியானால் மருந்தைப் பற்றி நான் ஏன் பேசவேண்டும்? கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னால் போதாதா? காய்ச்சல் இறங்கிய பிறகு நல்ல நாள் பார்த்து ஊத்தும்மா. சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. காய்ச்சல்தான் எறங்க மாட்டேங்குது என்று அவள் முதலிலேயே சொல்லிவிட்டாள், அந்த இடத்தில்தான் கேள்விக்குள்ளே இன்னொரு கேள்வி இருக்கிற மாதிரித் தட்டியது. பிள்ளை துவண்டு கெடக்கு. எவ்வளவு பெரிய பிள்ளை என்றுகூடக் கேட்கவில்லை. கைப்பிள்ளையா, நடக்கிற பிள்ளையா? பள்ளிக்கூடம் போகிற பிள்ளையென்றால் பரவாயில்லையா? பரவாயில்லை என்று யார் சொன்னது?

ஆனால் நம் வீட்டில் என்ன மருந்து கொடுத்தோம். இதைப் பிடித்துக்கொண்டார், கிணற்றுக்குள் கயிறு கிடைத்தது போல. மகள் யாழினிக்கு மூன்றாம் வகுப்பில் அம்மை போட்டபோது இந்த வீட்டில் மருந்து வாசனையே அடிக்கவில்லை. வேப்பிலைப் படுக்கை, இளநீர், வாசலில் கொத்து, தாளிப்புச் சத்தம் கிடையாது, அவர் அச்சாபீசிலிருந்து வந்தால் கால் கழுவிக்கொண்டு நேராக மாடிக்குப் போய்விட வேண்டும். போய்ட்டு வாறேன் என்று யாரும் யாரிடமும் சொல்லக் கூடாது, சொன்னால் ஆத்தாளும் கூடவே வந்துபோவாளாம். அவரும் சொல்லாமலே போனார், சொல்லாமலே வந்தார், வாடகைக்கு இருக்கிற ஆள் மாதிரி. மாடியில் படுத்துக்கொண்டு கீழே பிள்ளையின் இருமலைக் கேட்டுக்கொண்டே கிடந்தார். பயந்தார், நன்றாகவே பயந்தார். ஆனால் பயத்தைச் சொன்னால் நம்பிக்கை இல்லை என்று ஆகிவிடும், ஆகவே ஒன்றும் கேட்கவில்லை. ஒரு காலையில் மகள் மாடிப்படியில் ஏறிவந்து அப்பா பசிக்குது என்று நின்றாள். அவ்வளவுதான். தானாக வந்தது, தானாக இறங்கியது. இப்போது மதுரையில் காலேஜில் படித்துக்கொண்டு அப்பா உங்க விளையாட்டுல டைபாய்டு ரொம்ப க்யூட் என்று செய்தி அனுப்புகிறாள். அப்படியானால் சட்டம் சரிதானே. வீட்டில் நடந்ததைத்தானே எழுதினேன். பொய் ஒன்றும் எழுதவில்லையே. இப்படி நினைத்ததும் கொஞ்சம் தெம்பாக இருந்தது, உடனே சுகந்தியின் குரல் வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. போட்டிருக்குல்ல, அதான் கேக்கேன்.

சரி, விளையாட்டையே நிறுத்துவதென்றால் கடைக்காரர்களிடம் என்ன காரணம் சொல்வது? அச்சுப்பிழை என்று சொல்லலாம். இவ்வளவு சுத்தமாக அச்சடித்துவிட்டு அச்சுப்பிழை என்று சொல்ல அச்சாபீஸ்காரனுக்கு நாக்கு வருமா? கட்டை சரியாக உருளவில்லை எனலாம். மஞ்சள் சாயம் போகிறது எனலாம், போகத்தான் செய்கிறது, அவர்களே மஞ்சள் தடவினால் போகாதா? விற்கவில்லை என்றால் நிறுத்தலாம், ஒருத்தரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள், பஸ்ஸையும் லாரியையும் நிறுத்தியபோது யார் கேட்டார்கள். நன்றாக விற்கிறது, அதனால் நிறுத்துகிறேன் என்று எந்தப் பைத்தியக்காரனாவது சொல்லுவானா? யாராவது எதிர்த்துக் கொடி பிடித்தாலாவது வசதி. ஒருத்தரும் பிடிக்கவில்லை, எல்லோரும் கும்பிடுகிறார்கள். கும்பிடுகிறவர்களை எப்படி நிறுத்துவது? ஒரு ஒட்டுச்சீட்டு அடித்துப் பெட்டியில் ஒட்டலாம், இது விளையாட்டுக்கு மட்டும் என்று. யாருக்குத் தெரியாது விளையாட்டு என்று? தெரிந்துதான் தலைமாட்டில் வைத்திருக்கிறாள். அப்புறம் இன்னொன்று, அதை நினைக்கவே அவர் முருங்கைமரத்தை அண்ணாந்து ஒரு தரம் பார்த்துக்கொண்டார். ஆத்தா கோவித்துக்கொண்டால்? அவள் கட்டத்தில் மருந்தைக் கொண்டுவந்து வைத்தால் அவள் சும்மா விடுவாளா? ஐம்பது வயசு தாண்டிய ஆள், ஆப்செட் மெஷினைக் கழற்றி மாட்டுகிற ஆள், தலையில் சாயத்தோடு உட்கார்ந்து இதற்குப் பயப்படுகிறேன். ஆமாம், பயப்படுகிறேன்.

வாசலில் வேன் ஹாரன் கேட்டது. அழகர்சாமி எப்போதும் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வருகிறவன், முன்னறைக்குள் அவன் குரலும் பெட்டி நகர்கிற சத்தமும் கேட்டன. கனகமணி கையைத் துடைத்துக்கொண்டு கொல்லைக்கு வந்தாள். "ஏஜென்ட் வந்தாச்சு. எந்திரிங்க, தலைய அலசிவிடுறேன்" என்றவள் அவர் முகத்தைப் பார்த்ததும் செம்பைக் கீழே வைத்தாள். "என்ன ஆச்சு?"

அவர் சொன்னார். சுகந்தியை, பாப்பாவை, தலைமாட்டில் இருக்கிற அட்டையை, துவண்டு கெடக்கு என்றதை. மருந்து செல்லாது என்றதைச் சொல்லும்போது குரல் தானாக இறங்கிவிட்டது, ஆகவே அதை இரண்டாம் முறையும் சொல்ல வேண்டி வந்தது. "நம்ம யாழினிக்கும் மருந்து இல்லாமத்தான கனகு எறங்குச்சு" என்று முடித்தார்.

கனகமணி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "யாரு சொன்னா?" என்றாள்.

"என்ன யாரு சொன்னா? நான் இங்கதான இருந்தேன்."

"மாடியில இருந்தீக." அவள் குரலைத் தாழ்த்தினாள், உள்ளே ஆள் இருக்கிறதே. "ரெண்டாம் நாளே பிள்ளைக்கு மேலு கொதிச்சுது. நீங்க அச்சாபீசுக்குப் போனதும் பின்வாசல் வழியாத் தூக்கிட்டுப் போயி அந்தத் தெப்பக்கொளத்து டாக்டரம்மாகிட்டக் காட்டினேன். மருந்து குடுத்தாக. வாங்கிட்டு வந்து வேளாவேளைக்கு இளநியோட குடுத்தேன். அதுக்கப்புறந்தான் வேப்பிலையும் கட்டினேன். இந்தத் தெருவுல எல்லா வீட்டுலயும் அப்படித்தான் செய்றாக. ஒருத்தரும் வெளியில சொல்லிக்க மாட்டாக, அவ்வளவுதான்."

"எங்கிட்டச் சொல்லலியே."

"நீங்க கேக்கலியே. ஆம்பளைக்கு எதுக்குன்னு விட்டுட்டேன். ஆத்தாளுக்குத் தெரியும், போதாதா?" என்றாள். பிறகு அவள் கண் சட்டென்று மாறியது. "ஊசி அட்டையக் காட்டி வெரட்டாதீகன்னுதான சொன்னேன். மருந்தே கூடாதுன்னு நீங்க ஏன் எழுதுனீக?"

தனுஷ்கோடிக்கு அழுகை வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. அன்றைக்கு மாடியில் படுத்துக்கொண்டு கேட்ட இருமல்தான் இத்தனை வருஷம் கழித்துத் திரும்பக் கேட்டது. தன் வீட்டுக்குள் நடந்ததில் பாதியைத்தான் விளையாட்டாகப் போட்டிருக்கிறோம், பின்வாசலைப் போடவில்லை என்று புரிந்தது. போனை எடுத்தார். இந்தத் தடவை காதோடு ஒட்டிப் பிடித்தார், ஒட்டினால் ஒட்டட்டும்.

"சுகந்தியாம்மா? நோய்விரட்டி தனுஷ்கோடி பேசுறேன். பாப்பாவ இப்பவே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போம்மா."

"மருந்து செல்லாதுன்னு..."

"செல்லும். நான் தப்பா எழுதிட்டேன். விளையாட்டையே நிறுத்திட்டேன். கடைகள்ல இருக்கிறதையும் திருப்பி எடுக்கச் சொல்லிட்டேன்." சொல்லிய பிறகுதான் அவருக்கே தெரிந்தது, நிறுத்திவிட்டார் என்று. பின்வாசல் நிலையில் அழகர்சாமி மார்போடு பெட்டிகளை அணைத்துக்கொண்டு நின்றான், அவனுக்கும் அப்போதுதான் தெரிந்தது. "அண்ணாச்சி, அப்ப ஏத்தவா வேண்டாமா?" என்றான். இறக்கு என்று கையைக் காட்டினார். அவன் இறக்கி வைத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

போனில் அவள் கொஞ்சம் தள்ளிப் போகிற சத்தம் கேட்டது. பிறகு சுகந்தி ரகசியமாகச் சொன்னாள். "அண்ணாச்சி, இதக் கொஞ்சம் சத்தமாச் சொல்றீகளா? ஸ்பீக்கர்ல போடுறேன், எங்க அத்தைக்குக் கேக்கட்டும். அவுகதான் அந்த அட்டையக் காட்டிக் காட்டி வாசப்படியத் தாண்டவிட மாட்டேங்காக. நான் காலையிலயே பிள்ளை துணியெல்லாம் பையில எடுத்து வச்சிட்டேன்."

தண்ணீர் ஊற்ற நாள் கேட்பதற்காக அவள் கூப்பிடவேயில்லை. தனுஷ்கோடி துவைகல்லிலிருந்து எழுந்து நின்று கத்தினார். அச்சாபீசில் மெஷின் ஓடும்போது கத்துகிற அந்தக் கத்தல், அடுத்த வீட்டு மாடியில் வடகம் காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "அம்மன் கட்டத்துல மருந்து செல்லும். சட்டம் மாறிப்போச்சு. பிள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க."

"யாருய்யா மாத்துனது?" என்று வயசான ஒரு குரல் அந்தப் பக்கம் கேட்டது. கோபம் இல்லை அதில், நடுக்கம்தான் இருந்தது.

தனுஷ்கோடி வாயைத் திறந்தார். கனகமணி போனை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "நாந்தாங்கக்கா மாத்துனேன். என் மகளுக்கு ஆத்தா வந்தப்ப நானே தூக்கிட்டுப் போய் மருந்து வாங்கிக் குடுத்தவ. எம் பிள்ளை நல்லாருக்கா. ஆத்தா ஒண்ணும் சொல்லல. ஒங்களுக்குப் பயமா இருந்தா எம்மேல சொல்லிருங்க, அந்த விருதுநகர்க்காரி செய்யச் சொன்னான்னு. வேப்பிலைய மடியில வச்சுக்கிட்டு நீங்களும் கூடவே போங்க."

 அந்தப் பக்கம் போனை யாரும் நிறுத்தவில்லை. மூன்று பேரும் கொல்லையில் இருந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஏதோ நகர்ந்தது, தாழ்ப்பாள் இழுபட்டது, குழந்தை ஒன்று முனகியது, தூரத்தில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. பிறகு அந்த வயசான குரல், யாரையோ அதட்டுகிற குரலில், "வெயிலு காந்துது, பிள்ளை தலையில துண்டப் போடு" என்றது.